கடல் இல்லாத ஊரில் கடல்நீர்த் தொட்டி

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களிடம் மீனைப் பற்றிக் கேட்டால் அவர்கள் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள். இன்று உவர்ப்பு எவ்வளவு, அமோனியா இருக்கிறதா, வெப்பநிலை ஏறிவிட்டதா என்பதே பேச்சாக இருக்கும். கடற்கரைக்குச் செல்லச் சாலை வழியே 150 கிலோமீட்டருக்குக் குறையாத முதலிபாளையத்தில், என் வீட்டில் அப்படியொரு தொட்டியைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இந்தப் பழக்கம் ஒருவரை ஏன் இப்படிக் கட்டிப்போடுகிறது, அதிலிருந்து வகுப்பறைக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

இந்த ஈர்ப்பு புதியதன்று. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. நம் சென்னை மெரினாவிலும் 1909இல் ஒரு கடல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கான யோசனையைத் தந்தவர் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். அவர் மன்னார் வளைகுடாவின் கடல் உயிரினங்களை ஆராய்ந்தவரும்கூட.

கடல்நீரைத் தயாரித்தல்

என் தொட்டி மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்டது. அதில் 150 லிட்டர் நீர் நிற்கிறது. எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரை அப்படியே பயன்படுத்த முடியாது. அதில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று தெரியாத நிலையில், அதன்மேல் உப்பைச் சேர்ப்பது கணக்குக்கு உதவாது. எனவே முதலில் ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய நீரை எடுத்து, லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடல் உப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். 150 லிட்டருக்கு 5,250 கிராம், அதாவது ஐந்தேகால் கிலோ.

சமையல் உப்பு இதற்குப் போதாது. கடலில் கரைந்துள்ளவற்றில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து ஏறக்குறைய 85 விழுக்காடுதான். மீதியில் மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன. லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் உள்ள கால்சியத்தைக் கொண்டுதான் பவள உயிரிகள் தங்கள் கூட்டைக் கட்டுகின்றன.

திருப்பூர் வெயிலில் நீர் வேகமாக ஆவியாகும். நீர் போகும், உப்பு போகாது. பத்து லிட்டர் ஆவியானால் அதே 5,250 கிராம் உப்பு 140 லிட்டரில் நிற்கும். லிட்டருக்கு 37.5 கிராம் என்று உவர்ப்பு ஏறிவிடும். எனவே குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. கோடையில் நீரைக் குளிர்விக்க மின்விசிறி வைத்தால் வெப்பம் இறங்கும், ஆனால் ஆவியாதல் கூடும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று அசைகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது.

கண்ணுக்குத் தெரியாதவர்கள்

தண்ணீர் தயாரானதும் மீனை விட்டுவிட முடியாது. நான்கு முதல் ஆறு வாரங்கள் மீனே இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பார்க்க வருபவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த வாரங்களில்தான் தொட்டியின் உண்மையான குடியிருப்பாளர்கள் குடியேறுகிறார்கள்.

மீன் கழிவிலிருந்தும் மீந்த இரையிலிருந்தும் அமோனியா உருவாகிறது. அது மீனுக்கு நஞ்சு. கடல்நீரின் கார அமில நிலை 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், நன்னீரைவிட இங்கே அதன் நஞ்சுத்தன்மை அதிகம். ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் நஞ்சு மிகக் குறைவு. அது சேரும்போது நீரில் ஒரு பகுதியை மாற்றினால் போதும். வெறும் தொட்டியில் சிறிதளவு அமோனியாவைச் சேர்த்துவிட்டு, ஒவ்வொரு நாளும் சோதனைக் குழாயில் நிறம் பார்த்துக் குறித்துவைத்தால், முதலில் அமோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். கடைசியில் நைட்ரேட் மட்டும் மிஞ்சும். நாம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தும் நைட்ரஜன் சுழற்சி இதுதான். அதை ஒரு மாதம் கண்முன்னே நடக்கவிட்டுப் பார்த்த பிறகு அந்தப் பாடத்தை நான் நடத்தும் விதமே மாறிவிட்டது.

கோமாளி மீன்களின் வீடு

என் தொட்டியில் இருப்பவை ஓர் இணைக் கோமாளி மீன்கள். இவை பொரிப்பகத்தில் பிறந்தவை, கடலில் பிடிக்கப்பட்டவை அல்ல. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்திருக்கின்றன.

கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியதே பெண், அதற்கு அடுத்தது ஆண். பெண் இறந்தால் அந்த ஆண் பெண்ணாக மாறும். முட்டைகளுக்கு விசிறிக் காற்றோட்டம் தந்து காப்பது பெரும்பாலும் தந்தை மீன். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னபோது எழுந்த கேள்விகளுக்குப் பாடவேளை போதவில்லை.

பவளம் ஏன் இல்லை?

தொட்டியைப் பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. புலிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. உயிருள்ளதானாலும் இறந்ததானாலும் நம் கடல் பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். என் தொட்டியில் இருப்பவை சுட்ட மண்ணால் செய்த செயற்கைப் பாறைகளே. இராமேசுவரம் சுற்றுலா செல்லும் பள்ளிகள், பவளத் துண்டுகளை வாங்கவோ பொறுக்கவோ கூடாது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இதற்கு வலுவான காரணம் உண்டு. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல ஆண்டுகள் பவளம் வெட்டியெடுக்கப்பட்டதில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 2010இலும் 2016இலும் கடல்நீர் சூடேறியதால் பவளங்கள் வெளிறின. பவளத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிகள், வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஓரிரு டிகிரி கூடி அது சில வாரங்கள் நீடித்தாலே வெளியேறிவிடுகின்றன. அந்த ஓரிரு டிகிரிக்காகத் தினமும் வெப்பமானியைப் பார்ப்பவருக்கு இச்செய்தி வெறும் செய்தியாக இருக்காது.

பனியன் கம்பெனி வேலைக்காக இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் என் வகுப்பில் இருந்தார். அதிகம் பேசாதவர். பவளப்பாறை பற்றிச் சொன்ன அன்று எழுந்து, “எங்க ஊர்ல அதைப் பார்னு சொல்லுவாங்க சார். பார் இருக்கற எடத்துலதான் மீனு நிக்கும்னு தாத்தா சொல்வாரு” என்றார். அன்றைய பாடத்தின் பாதியை அவரே நடத்தினார்.

தொட்டியிலிருந்து நொய்யலுக்கு

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும் என்பது எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குத் தெரியும். அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராமுக்கும் மேல் உப்பு சேர்ப்பதுண்டு. அது கடலைவிட அதிக உவர்ப்பு. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டி 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. சுத்திகரிப்பு விதிகளை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு, ஆர்.ஓ. முறையில் நீரை மீட்டு உப்பைப் பிரித்தெடுக்கும் பூச்சியக் கழிவு வெளியேற்றம் இங்கே தொழிலின் நிபந்தனையாகிவிட்டது.

என் தொட்டிக்கு நீர் தரும் அதே தொழில்நுட்பம்தான் அங்கும் இருக்கிறது. ஆற்றின் நிறத்தைப் பார்த்தே நீரை எடைபோட்டுப் பழகிய ஊரில், தெளிந்த நீரிலும் நஞ்சு இருக்கலாம், அதை அளந்துதான் அறிய முடியும் என்பதைப் பிள்ளைகள் கற்க வேண்டும். தொட்டி எனக்குக் கற்றுத்தந்தது இதைத்தான்.

வகுப்பறையில்

இதற்குக் கடல்நீர்த் தொட்டி தேவையில்லை. அதன் செலவும் பராமரிப்பும் பள்ளிக்குப் பொருந்தாது. விடுமுறை நாள்களில் யார் பார்ப்பது? தொடக்க வகுப்புகளில் ஒரு கண்ணாடிக் குவளையில் உப்புநீரை ஊற்றி, நீர்மட்டத்தைத் தினமும் கோடிட்டு வரச் சொல்லலாம். “தண்ணி எங்க போச்சு, உப்பு எங்க இருக்கு?” என்ற கேள்வியே பாடத்தை நடத்திவிடும். நடுநிலை வகுப்புகளுக்கு மேலே சொன்ன உவர்ப்புக் கணக்கைத் தரலாம். உயர்நிலை வகுப்புகளில் வீட்டுக் குழாய் நீர், கிணற்று நீர், மழைநீர் ஆகியவற்றைக் கொண்டுவரச் செய்து, டி.டி.எஸ். மீட்டராலும் பி.எச். தாளாலும் அளந்து அட்டவணையிடலாம்.

ஒரே நாளில் அளந்து முடித்துவிடாமல், மாதம் ஒருமுறை ஆண்டு முழுவதும் செய்யுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் எண்கள் மாறினால் அதற்குக் காரணம் தேடப் பிள்ளைகள் தாமாகவே தொடங்குவார்கள்.