உஷார்! இமை முடியை வீட்டில் பிடுங்காதீர்கள்

"கண்ணுக்குள்ள முடி குத்துது, கொஞ்சம் புடுங்கி விடு." பூனாகலைப் பக்கத்து லயங்களில் வயதானவர்கள் இப்படிக் கேட்டால், பகல் வெளிச்சம் விழுகிற இஸ்தோப்பில்தான் வேலை நடக்கும். அம்மாயி அண்ணாந்து உட்காருவார். பேத்தி இமையைப் பிரட்டி, புருவம் திருத்தும் இடுக்கியால் அந்த முடியைப் பிடித்து இழுப்பாள். இடுக்கி இல்லாவிட்டால் இரண்டு பெருவிரல் நகங்கள். கண்ணீர் கொட்டும், பிறகு உறுத்தல் நின்றுவிடும். அந்த நிம்மதிதான் ஏமாற்றுகிறது.

பிடுங்கியது முடியை மட்டுமே. வேர் இமைக்குள்ளேயே இருக்கிறது. நாலு முதல் ஆறு வாரத்துக்குள் அது மறுபடி முளைத்து, அதே பக்கம்தான் திரும்பும். இழுக்கும்போது பாதியில் ஒடிந்தால் இன்னும் கேடு. நீள முடியாவது வளைந்து தடவும். ஒடிந்த கட்டை ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கருவிழியை நேராகக் குத்தும். கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை சிமிட்டுகிறோம். இரவு மட்டும்தான் அதற்கு ஓய்வு.

கீறல் விழுந்த கண்ணோடு மறுநாள் காலை மலைக்குப் போகிறோம். கவ்வாத்து வெட்டும்போது குச்சியும் தூசியும் தெறிக்கின்றன. செடி கொடியில் இருக்கும் பூஞ்சணம் அந்தக் கீறல் வழியே உள்ளே போனால் கருவிழியில் புண் வைக்கும். விறகடுப்புப் புகையில் கண் எரிய, சேலைத் தலைப்பால் கசக்குவோம். புண் இன்னும் ஆழமாகும்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுச் சொட்டு மருந்து வருகிறது. யாருக்கோ கண்புரை வெட்டியபோது கொடுத்து, மிச்சம் இருக்கிற குப்பி. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அந்த மருந்துகள் பலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். சிவப்பை அது சீக்கிரம் குறைத்துவிடும். ஆனால் உள்ளே பூஞ்சணம் இருந்தால் அதை அடங்காமல் வளரவிடும். கண் வெளுத்துவிட்டது என்று நாம் சந்தோஷப்படும் நாட்களில் கருவிழி கரைந்துகொண்டிருக்கும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் கண்ணுக்குள் போக வேண்டாம்.

வெளிச்சம் பார்க்கக் கூசுகிறதா, ஓயாமல் தண்ணீர் வடிகிறதா, பார்வை மங்குகிறதா, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், உண்மைதான். ஆனால் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று சொல்லும் நிலை வந்தபின் எந்தச் சொட்டு மருந்தாலும் அந்தப் பூவை எடுக்க முடியாது. அது ஆறிய புண்ணின் தழும்பு.

முடி உள்பக்கம் திரும்புவது வைத்தியம் இல்லாத நோயா? இல்லவே இல்லை. ஒன்றிரண்டு முடி என்றால் கண் டொக்டர் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்து ஒடியாமல் எடுப்பார். அதுவும் தற்காலிகம்தான், ஆனால் கருவிழியில் கீறல் இருக்கிறதா என்று சாயம் விட்டுப் பார்ப்பதும் அங்கேதான் நடக்கும். திரும்பத் திரும்ப வந்தால் வேரையே அழிக்கலாம். மெல்லிய ஊசி வழியே மின்சாரம் செலுத்திச் சுடுவது ஒரு முறை, லேசர் இன்னொரு முறை. கொத்தாகத் திரும்பியிருந்தால் வேரை உறையவைப்பார்கள். அந்த இடத்துத் தோல் வெளுத்துப்போகலாம், கறுத்த நிறத்தவர்களிடம் அது தெரியும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இமையே உள்பக்கம் மடிந்திருந்தால் முடியைக் குறைசொல்லிப் பயனில்லை. மரக்கவைக்கும் ஊசி போட்டு, இமை விளிம்பை வெளிப்பக்கம் திருப்பித் தைக்கும் சத்திரசிகிச்சைதான் வழி. பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வரலாம். சிலருக்குக் காலம் கழித்து மறுபடி திரும்புவதுண்டு, அதனால் கிளினிக்கை விடக்கூடாது.

முதுமையில் இமை தளர்வது, இமை விளிம்பில் நாட்பட்ட பொடுகும் அழற்சியும், தீக்காயம் என்று முடி உள்ளே திரும்பக் காரணம் பல. ட்ரக்கோமா என்ற கண் தொற்று இமைக்குள் தழும்பு உண்டாக்கி, பல வருடம் கழித்து முடியைத் திருப்பும். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அதை ஒழித்ததாக நேபாளம் 2018-இலும் இந்தியா 2024-இலும் உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றன. சின்னப் பிள்ளைகளுக்குக் கீழ் இமைத் தோல் மடிப்பால் முடி உரசுவது வேறு விஷயம். வளர வளரப் பலருக்குத் தானே சரியாகும். அதையும் டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

கெட்டுப்போனால் கருவிழி மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கலாம். டொக்டர் ஹட்சன் சில்வா 1961-இல் தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கத்தால் பல நாடுகளுக்குக் கருவிழி அனுப்பும் நாடு நம்முடையது. ஆனால் முடி உள்ளே திரும்பியே இருந்தால், மாற்றி வைத்த கருவிழியையும் அது கீறும். இமையைத்தான் முதலில் சரிசெய்தாக வேண்டும்.

பதுளை போதனா வைத்தியசாலையில் கண் பிரிவு இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள். தோட்டத்து டொக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, வீட்டுப் பெரியவர்களை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.