லேடாங் மலையடிவாரத்தில் கூடாரமா? மூட்டை கட்டும்முன் மழையை நினையுங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு ஓரிரவு தங்க வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஜோகூர், மலாக்கா குடும்பங்கள் பலவற்றுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது தங்காக் அருகேயுள்ள குனோங் லேடாங் தேசியப் பூங்கா. மலையின் உயரம் 1,276 மீட்டர். அடிவாரத்தில் சாகில் நீர்வீழ்ச்சி.

மலை என்றதும் பலர் கம்பளிகளைத்தான் முதலில் அடுக்குகிறார்கள். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 பாகைதான் குறையும். குடும்பங்கள் தங்குவது அடிவாரத்தில் என்பதால் கடுங்குளிர் இருக்காது. அங்கே தொல்லை தருவது ஈரம். நனைந்த உடையோடு படுக்கும் குழந்தை நம் நாட்டு இரவிலும் நடுங்கும்.

*இடமே முதல் பாதுகாப்பு*

2022 டிசம்பர் 16 அதிகாலை, சிலாங்கூர் பத்தாங்காலியில் முகாம் தளம் ஒன்றின் மீது மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்த குடும்பங்களும் அவர்களுள் அடங்கும். ஆகவே, பூங்கா நிர்வாகம் அனுமதித்த தளத்தில் மட்டுமே கூடாரம் போட வேண்டும். செங்குத்துச் சரிவின் கீழும் ஆற்றங்கரையிலும் தங்கக்கூடாது.

மலையாறுகளில் இன்னோர் ஆபத்து ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு. கீழே வெயில் அடிக்கும்போதே உச்சியில் பெய்த மழை ஆற்றில் பாய்ந்து வரும். தெளிந்த நீர் கலங்கினால், இலை தழைகள் மிதந்து வந்தால், மேலிருந்து இரைச்சல் கேட்டால், பொருள்களை அப்படியே விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். புறப்படும் முன் வானிலை ஆய்வுத் துறையின் ‘மைச்சுவாச்சா’ செயலியைப் பார்ப்பது நல்லது. கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

*எவற்றை எடுத்துச் செல்வது?*

கூடாரத்திற்கு மேலே கட்ட ஒரு தார்ப்பாய், அடியில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பின் ஓரம் கூடாரத்திற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதில் வழிந்து உள்ளே வரும். மடித்து உள்ளே தள்ள வேண்டும்.

ஒவ்வொருவரின் மாற்றுடையையும் தனித்தனிப் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். இரவில் உடுத்தும் ஒரு செட் துணியைப் படுக்கும்வரை திறக்கவே வேண்டாம். ஆளுக்கொரு டார்ச் லைட், மழைக்கோட்டு, பிடிமானமுள்ள காலணி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் ஆகியவையும் தேவை. அட்டைக் கடிக்குத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும் உப்பும் கைகொடுக்கும்.

*சாப்பாடும் அடுப்பும்*

முதல் வேளைக்குப் புளிச்சோறு ஏற்றது. தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பும் நாசி லெமாக்கும் வெக்கையில் சீக்கிரம் கெட்டுவிடும். குரங்குகள் தூக்கிச் செல்லாதபடி உணவை மூடிபோட்ட பெட்டியில் வையுங்கள். ஆற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது.

கையடக்க கேஸ் அடுப்பில் அகலமான கடாயை ஏற்றினால், சூடு திரும்பி கேஸ் டின்னைத் தாக்கும், டின் வெடிக்கக்கூடும். சிறிய சட்டியே போதும். மழை பெய்கிறது என்பதற்காகக் கூடாரத்துக்குள் அடுப்பையோ கரியையோ பற்ற வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாடை கிடையாது. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

*வீடு திரும்பிய பிறகு*

ஆற்றில் குளித்த சில நாள்களில், அல்லது இரண்டு மூன்று வாரங்களுக்குள், காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் மருத்துவரிடம் ஆற்றில் குளித்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரால் பரவும் நோயாக இருக்கலாம். காலத்தோடு சிகிச்சை பெற்றால் குணப்படுத்தலாம்.

காட்டுக்குள் எல்லா இடத்திலும் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது. எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். அவசர உதவிக்கு 999.