பத்து மீட்டருக்குள் ஒரு வானொலி

நேயர்களே, ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் கைபேசி ஆலை தொடங்கிய நோக்கியாவை மறந்திருக்க மாட்டீர்கள். 1998-ல் எரிக்சன், இன்டெல், ஐபிஎம், தோஷிபாவுடன் சேர்ந்து புளூடூத்தைப் பொதுத் தொழில்நுட்பமாக்கிய ஐந்து நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

புளூடூத்தும் ஒரு வானொலிதான். எங்கள் குரல் பல கிலோமீட்டர் கடந்து உங்களிடம் வருகிறது. கைபேசியின் புளூடூத் அலையோ பெரும்பாலும் பத்து மீட்டருக்குள் ஓய்ந்துவிடும். சக்தி குறைவு, அதனால் பேட்டரிச் செலவும் குறைவு.

அது இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் நெரிசல் அதிகம். வைஃபையும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பின் அலையும் அங்கேதான். எனவே வழக்கமான புளூடூத் அந்தப் பகுதியை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1600 முறை வரை தடம் மாறித் தாவுகிறது. அடுத்து எந்தத் தடம் என்பது இணைந்த கருவிகளுக்குத் தெரியும். ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் புளூடூத் இயர்போனில் ஆளுக்கொரு பாட்டு ஓடினாலும், ஒருவர் பாட்டு இன்னொருவர் காதில் விழாததற்கு இதுவும் ஒரு காரணம். சத்தமாக வைத்தால் அது வேறு கதை!

இதைவிடவும் குறுகிய தூர நுட்பம் ஒன்று உண்டு. கடையில் கருவியின் அருகே கைபேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிறோமே, அது என்எஃப்சி. அதன் எல்லை சில சென்டிமீட்டர்தான். என்எஃப்சி அட்டைக்குள் பேட்டரியே கிடையாது; படிக்கும் கருவியின் காந்தப்புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது.

நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. இன்று இரண்டு நுட்பங்களும் உள்ள ஐபோன்கள், பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் தயாராகின்றன.