ஆஸ்பத்திரி வாசமும் ஆகார நியமமும்

ஈஜிபுராவிலிருந்து வரும் டிபன் கேரியர்

பெங்களூர் ஈஜிபுராவுக்கும் கோரமங்கலாவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரிக்கும் இடையே தூரம் சொற்பந்தான்; ஆயினும் 2017-இல் ஆரம்பித்து வருஷக் கணக்காக இழுபட்ட மேம்பால வேலையின் தயவால், வீட்டில் ஆவி பறக்கக் கட்டிக்கொடுத்த ரசம் சாதம் வார்டுக்குப் போய்ச் சேருமுன் ஆறி அவலாகிவிடுவது அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிப்போன சங்கதி. வந்து சேரும் வேளையிலோ நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். திரும்பி வந்தவர் இரண்டு வாய் உண்டு, "போதும், வாய்க்குப் பிடிக்கவில்லை" என்று தட்டை நகர்த்திவிடுவார். இப்படி ஒரு வேளை கழிந்தால் பாதகமில்லை. மூன்று வாரம் கழிந்தால், வந்த வியாதி தணிந்துகொண்டிருக்கும்போதே தேகம் வேறொரு வழியில் க்ஷீணித்துவிடும்.

சார்ல்ஸ் பட்டர்வொர்த் என்ற அமெரிக்க வைத்தியர், நோயாளியின் எடையைக் குறித்து வைக்காமையும் பரிசோதனைகளுக்காக வேளைச் சாப்பாட்டை அடிக்கடி நிறுத்துவதும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே போஷாக்குக் குறைவை உண்டாக்குகின்றன என்று 1974-இலேயே எழுதினார். மருந்துக்குச் சீட்டு உண்டு, ஊசிக்கு நேரம் உண்டு. தட்டில் மிஞ்சிய சோற்றைக் கணக்கெடுக்க மட்டும் ஆளில்லை. அந்த வேலையைக் கூட இருப்பவர்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கஞ்சி என்னும் பழக்கம்

காய்ச்சல் என்றால் கஞ்சி, படுக்கை என்றால் ரொட்டி என்பது நம் வீடுகளில் வேரூன்றிய வழக்கம். ஓரிரு நாளைக்கு அது சரி. ஆனால் ஒரு பிடி அரிசியில் காய்ச்சிய கஞ்சியில் புரதம் ஏறக்குறைய 2 கிராம்தான் இருக்கும். ஆரோக்கியமான ஒருவருக்கே கிலோ எடைக்கு 0.83 கிராம் வீதம் புரதம் தினமும் தேவை என்பது நம் நாட்டு அளவு. நோயுற்ற முதியோருக்கோ 1.2 முதல் 1.5 கிராம் வரை சிபாரிசு செய்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு இது 72 கிராமுக்குக் குறையாது. முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் அதே அளவு என்று கூட்டிப் பார்த்தால், கஞ்சியை மட்டும் நம்பியவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்பது விளங்கும்.

இந்த விஷயத்தில் ஈஜிபுராவாசிகள் தங்கள் அண்டையிலிருக்கும் ஸ்தாபனத்தைக் குறித்துப் பெருமைப்படலாம். செயின்ட் ஜான்ஸில் டாக்டர் அனுரா குர்பாட் முதலியோர், லைசின் என்னும் அமினோ அமிலம் மனிதனுக்கு எவ்வளவு வேண்டும் என்று இந்தியர்களைக் கொண்டே அளந்து பார்த்தனர். கிலோவுக்கு 12 மில்லிகிராம் போதும் என்று 1985-இல் சொல்லியிருந்த சர்வதேச அளவு, அத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாக 2007-இல் வெளியான உலக சுகாதார ஸ்தாபன அறிக்கையில் 30 மில்லிகிராமாக உயர்ந்தது. அரிசியில் குறைவாயிருப்பது இந்த லைசின். பருப்பிலும் பாலிலும் தாராளமாயிருப்பதும் இதுவே. ஆகவே, ஆகாரம் இறங்காத நோயாளிக்கு வெறுங்கஞ்சியைவிடப் பாசிப்பருப்பு குழைய வெந்த பொங்கலும், உளுந்து சேர்ந்த இட்டிலியும், கெட்டித் தயிரும் எவ்வளவோ மேல். மூன்று வேளை வயிறாரச் சாப்பிட முடியாதவருக்கு ஆறு வேளையாகக் கொஞ்சங் கொஞ்சமாய்க் கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறுள்ளவருக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறும். வார்டின் உணவியல் நிபுணரைக் கேட்காமல் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடியும் இளநீருமாக வந்து நிற்பார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்த அன்பே ஆபத்தாகலாம். ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கீரையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. நாளுக்கு நாள் அளவு மாறாமல் உண்டால் போதும்.

படுக்கையை விட்டு எழுதல்

"அசையாதீங்க, படுத்தே இருங்க" என்று சொல்லாத உறவினர் உண்டா? ஆரோக்கியமான முதியோர் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தபோது, அவர்கள் கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்துபோயிற்று என்று 2007-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஆதலால் வைத்தியர் அனுமதித்த அன்றே நாற்காலியில் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுக்க வேண்டும். புரையேறும் அபாயமும் அதனால் குறையும். எழ இயலாதவர் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தால் ரத்தவோட்டத்துக்கு நல்லது.

இன்னொரு சிறு விஷயம்: பல்செட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, பெரியவருக்குப் பசியில்லை என்று வருந்துகிற குடும்பங்கள் உண்டு. மூக்குக்கண்ணாடியும் காது மிஷினும் அப்படியே பீரோவில் இருக்கும். கண்ணும் காதும் மந்தித்த முதியவர், இரவு பகலாக விளக்கெரியும் வார்டில் வேளை புரியாமல் குழம்பிப்போவது எளிது. பகலில் ஜன்னல் திரையை விலக்கி, காலையில் முகம் கழுவித் தலை வாரி, பிற்பகல் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்தினால் இரவுத் தூக்கம் ஓரளவு ஒழுங்குக்கு வரும்.

கூட இருப்பவர்

நோயாளிக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துக் கிடப்பவரின் ஆகாரம் பெரும்பாலும் டீயும் பன்னும், நோயாளி மிச்சம் வைத்த இட்டிலியுமாகவே இருக்கும். 2017-இல் பெங்களூரில் திறக்கப்பட்ட இந்திரா கேன்டீன்களில் 5 ரூபாய்க்குச் சிற்றுண்டியும் 10 ரூபாய்க்குச் சாப்பாடும் கொடுக்கலானார்கள். அங்கேயோ எங்கேயோ, வேளைக்கு எழுந்து போய்ச் சுடச்சுட உண்டு வருவதில் குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை. இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டால் இன்னும் விசேஷம். முறை மாறும்போது ஒரு நாற்பது பக்க நோட்டும் கைமாறட்டும்: என்ன வேளை, என்ன ஆகாரம், எத்தனை இட்டிலி, தட்டில் பாதி மிஞ்சியதா முழுதும் மிஞ்சியதா, மலங்கழிந்ததா, வாரம் ஒருமுறை அதே தராசில் எடை எவ்வளவு என்று எழுதி வைத்து, காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும்.