8,000-வது கார் யாருடையது? ஊட்டி இ-பாஸுக்குப் பின்னால் ஓடும் கணக்கு

மே மாதம் பிறந்துவிட்டால் ஊட்டி மலைப்பாதையில் கார்கள் எறும்பு வரிசையாக ஊர்ந்து ஏறும். கொண்டை ஊசி வளைவில் ஒரு வண்டி நின்றால், பின்னால் நூறு வண்டிகள் நிற்கும். சீசன் நாள்களில் தினமும் 20,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைவதாக சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபோது நீதிபதிகளே கவலைப்பட்டார்கள். குறுகிய சாலை, யானைகள் கடக்கும் காடு, குடிநீருக்கே தவிக்கும் உள்ளூர் மக்கள் என்றிருக்கும் மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும்?

அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் இ-பாஸ். நீதிபதிகள் என்.சதீஷ்குமார், டி.பரத சக்கரவர்த்தி அமர்வின் உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. முதலில் நோக்கம் எண்ணிக்கை எடுப்பது மட்டுமே. எந்த வகை வண்டி, எத்தனை பேர், ஒருநாள் பயணமா, தங்குகிறார்களா என்ற விவரங்கள் கேட்கப்பட்டன. மலையின் தாங்குதிறனை ஐஐடி சென்னையும் ஐஐஎம் பெங்களூரும் ஆராய்வதற்கு இந்த விவரங்கள் தேவைப்பட்டன.

2025 சீசனில் உச்சவரம்பும் வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள். உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு.

உத்தரவில் 8,000 என்று எழுதுவது எளிது. ஆனால், கோவை, பெங்களூரு, கோழிக்கோடு என்று ஊர் ஊராகப் பலர் ஒரே நேரத்தில் போனில் பட்டனைத் தட்டும்போது, 8,000-வது வண்டிக்குப் பிறகு 'இடமில்லை' என்று சொல்வது யார்?

இலை நிறுக்கும் இடத்திலேயே இருக்கும் பாடம்

தேயிலைத் தோட்டத்தில் இரண்டு பதிவேடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் தொழிலாளியின் எண், பெயர், எந்த லயன் வீடு என்ற விவரம். இன்னொன்றில் தேதி, தொழிலாளியின் எண், அன்று பறித்த இலையின் எடை. தினமும் பெயரையும் முகவரியையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. எண் ஒன்று போதும். மாதக் கடைசியில் இரண்டு ஏடுகளையும் அந்த எண்ணை வைத்துச் சேர்த்துப் பார்த்தால் சம்பளக் கணக்கு வந்துவிடும்.

'ரிலேஷனல் டேட்டாபேஸ்' என்பதன் அடிப்படையும் இதுதான். விவரங்களை அட்டவணைகளாகப் பிரித்து வைத்து, பொதுவான ஓர் எண்ணால் இணைக்கலாம் என்ற யோசனையை ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970-ல் வெளியிட்டார். வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், மருத்துவமனைச் சீட்டு என்று இன்று எங்கும் அந்த யோசனைதான். பாஸ் வழங்கும் சேவையிலும் வண்டி எண் ஓர் அட்டவணையிலும், பயணத் தேதி இன்னோர் அட்டவணையிலும் இருக்கலாம்.

கதவைத் திறக்கும் ஐந்து விவரங்கள்

போனில் தெரியும் பக்கம் வெறும் கவுன்டர்தான். பதிவேடு இருப்பது வேறொரு கணினியில். இரண்டையும் இணைக்க ஐந்து விவரங்கள் வேண்டும்: அந்தக் கணினியின் முகவரி, போர்ட் எண், டேட்டாபேஸின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு. முகவரி தெரு என்றால், போர்ட் எண்ணைக் கதவு எண் எனலாம். மைஎஸ்கியூஎல் என்ற மென்பொருளுக்கு வழக்கமான கதவு 3306, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு 5432. ஐந்தில் ஒன்று தவறினாலும் கதவு திறக்காது.

அந்தக் கதவு வழியே ஒரே நேரத்தில் எத்தனை பேர் போகலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. மாற்றாமல் விட்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும், மைஎஸ்கியூஎல் 151. ஆயிரம் பேர் ஒன்றாக வந்தால்? டாக்ஸி ஸ்டாண்டு போலச் சில இணைப்புகளைத் தயாராக நிறுத்திவைத்து, ஒருவர் வேலை முடிந்ததும் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். இதற்கு 'கனெக்‌ஷன் பூல்' என்று பெயர். விடுமுறைக்கு முந்தைய இரவில் எந்த முன்பதிவுத் தளத்திலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு, டாக்ஸி கிடைக்காமல் காத்திருக்கும் இந்த வரிசையும் ஒரு காரணம்.

கடைசி இடத்துக்கு இருவர்

ஞாயிற்றுக்கிழமைக்கு 7,999 பாஸ்கள் போய்விட்டன. ஒரே நொடியில் கோவைக் குடும்பமும் பெங்களூரு குடும்பமும் கேட்கின்றன. 'இடம் இருக்கிறதா?' என்று பார்ப்பதும், 'எழுது' என்பதும் தனித்தனி வேலையாக நடந்தால், இருவருக்கும் 'இருக்கிறது' என்றே பதில் வரும். மலைக்கு 8,001 வண்டிகள் ஏறும்.

இதைத் தடுக்கவே 'டிரான்ஸாக்‌ஷன்' இருக்கிறது. பார்ப்பதையும் எழுதுவதையும் ஒரே வேலையாகக் கட்டி, அது முடியும்வரை அடுத்தவரைக் காத்திருக்கச் சொல்வது. ஒருவருக்குப் பாஸ், மற்றவருக்கு வேறு தேதி. ஏமாற்றம்தான், ஆனால் கணக்கு பிசகாது.

எல்லோருக்கும் ஒரே சாவி கூடாது

இப்படிச் சேரும் விவரங்களை ஆராயத் தனித் தரவுத் தளங்கள் உண்டு. எந்தக் கிழமையில் கூட்டம், எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று அவை வரைபடம் போட்டுக் காட்டும். அவற்றை மூலப் பதிவேட்டில் நேரடியாகக் கோப்பது ஆபத்து. பெரிய கேள்வி ஒன்றைக் கேட்டால், பாஸ் வாங்க நிற்பவர்களின் வேகம் குறையும். அதனால் நகல் ஒன்றை வைத்து, 'படிக்கலாம், திருத்த முடியாது' என்ற அனுமதியோடு தனிப் பயனர் பெயர் கொடுப்பதே நல்ல முறை. பெயரையும் போன் எண்ணையும் மறைத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் காட்டுவது அதைவிட நல்லது. வண்டிகளை எண்ணுவதற்கு யாருடைய போன் எண்ணும் தேவையில்லையே!

கிளம்பும் முன்

* மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் பதியுங்கள். தெரியாத லிங்க்கில் ஓடிபியைக் கொடுக்க வேண்டாம்.
* வண்டி எண்ணை ஆர்சி புத்தகத்தில் உள்ளபடியே நிரப்புங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பதிவேட்டில் அது வேறு வண்டி.
* மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். பாஸை முன்பே போனில் சேமியுங்கள். ஒரு பிரின்ட் கையில் இருந்தால் இன்னும் நல்லது.
* பயணம் ரத்தானால் பாஸையும் ரத்து செய்ய வழியிருக்கிறதா என்று பாருங்கள். வராத வண்டியும் கணக்கில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

செக்போஸ்ட்டில் பாஸைக் காட்ட வண்டியை நிறுத்தும் சில நிமிடங்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால், கூடலூர் பக்கம் வந்தாலும் கோத்தகிரி பக்கம் வந்தாலும், எல்லா வண்டிகளும் ஒரே பதிவேட்டில் எண்ணப்பட்டால்தான் 8,000 என்ற எண்ணுக்கு அர்த்தம் உண்டு. இல்லையென்றால் அது வெறும் காகித எண். பாரம் முழுக்க மலைக்கு.