கணிதத்தில் விரைவுப் பாதை யாருக்கு?

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 8-ஆம் வகுப்பிலேயே இயற்கணிதம் பயில்வோர் 12-ஆம் வகுப்புக்குள் நுண்கணிதத்தை எட்டிவிட முடியும். இவ்வாய்ப்பு ஏற்றத்தாழ்வை வளர்க்கிறது என்று கருதிய சான் பிரான்சிஸ்கோ, 2014-15 கல்வியாண்டில் அதை அனைவருக்குமே நிறுத்தியது. வசதியுள்ள பெற்றோர் கட்டண வகுப்புகளை நாடினர். ஏழை மாணவர்களுக்கு அந்த வழியும் இல்லை. 2024 மார்ச் மாத வாக்கெடுப்பில், 8-ஆம் வகுப்பில் இயற்கணிதம் மீண்டும் வேண்டும் என்றே மக்கள் வாக்களித்தனர்.

டெக்சாஸ் மாநிலமோ வாய்ப்பை விரிவாக்கியது. அங்கு 2023-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 5-ஆம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வருவோரை, 6-ஆம் வகுப்பில் மேம்பட்ட கணிதப் பிரிவில் விண்ணப்பமின்றியே சேர்க்க வேண்டும். விரும்பாத பெற்றோர் விலக்குப் பெறலாம். பள்ளியில் கேட்டுப் பெறத் தெரியாத பெற்றோரின் பிள்ளைக்கும் உரிய இடத்தை உறுதிசெய்வது இந்த ஏற்பாடுதான்.