மது மூளையை அடையும் வழி

கள், சாராயம், பிராந்தி என்று பெயர்கள் பலவாயினும், அவற்றில் வெறியை உண்டாக்கும் வஸ்து ஒன்றே. அதற்கு ஆல்கஹால் என்று பெயர். பதநீர் புளிக்கும்போது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதிலுள்ள சர்க்கரையை உண்டு இவ்வஸ்துவை உண்டாக்குகிறது. இது தேகத்தினுள் சென்று செய்யும் வேலையை, குடிப்பவராயினும் குடியாதவராயினும், சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

நாம் உண்ணும் சோறும் பருப்பும் ஜீரணமான பின்னரே இரத்தத்தில் சேரும். ஆல்கஹாலுக்கோ ஜீரணம் வேண்டுவதில்லை. அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இரைப்பையின் சுவர் வழியாகவும், மிகுதி சிறுகுடலின் வழியாகவும் நேரே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் குடித்தால் சில நிமிஷங்களிலேயே அது மூளையை எட்டும். வயிற்றில் ஆகாரம் இருப்பின் சிறுகுடலுக்கு இறங்கத் தாமதமாவதால், வெறி மெதுவாக ஏறும்.

மூளையின் எடை தேகத்தின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே. எனினும் இருதயம் இறைக்கும் இரத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. பல விஷப் பொருள்களை உள்ளே விடாமல் தடுக்கும் நுண்ணிய திரை ஒன்று அங்குள்ள இரத்தக் குழாய்களில் அமைந்துள்ளது. நீரிலும் கொழுப்பிலும் கலக்கவல்ல ஆல்கஹாலை அத்திரையால் தடுக்க இயலாது. உட்புகுந்ததும் அது நரம்பணுக்களைத் தூண்டும் செய்கையைக் குறைத்து, அடக்கும் செய்கையை மிகுதிப்படுத்துகிறது.

முதலில் தளர்வது, நன்மை தீமையைச் சீர்தூக்கும் முன்மூளை. பின்னர் நடையை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையும், ஞாபகம் பதியும் பகுதியும் தளர்கின்றன. அளவு மிக மீறினால், சுவாசத்தை நடத்தும் முகுளமும் அடங்கி மரணம் நேரும். ஆகவே, கால் தள்ளாடுமுன்பே விவேகம் தள்ளாடிவிடுகிறது. “எனக்கு ஒன்றும் ஏறவில்லை” என்று குடித்தவர் கூறும் சாட்சி செல்லாது. சாட்சி கூறவேண்டிய பகுதியே முதலில் கெட்டுவிட்டதன்றோ?

இரத்தத்தில் சேர்ந்த ஆல்கஹாலில் பெரும்பகுதியை ஈரலே எரித்தொழிக்க வேண்டும். அதன் வேகம் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரையே. நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால் உள்ள பிராந்தி 180 மில்லி லிட்டரில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் உண்டு. அது தீர ஆறு முதல் எட்டரை மணி நேரம் செல்லும். இரவு 10 மணிக்கு அதைக் குடித்தவர் விடியற்காலை 4 மணிக்கு டிராக்டரில் ஏறினால், மது இன்னும் இரத்தத்தில் இருக்கக்கூடும். மோர், எலுமிச்சம்பழச் சாறு, காப்பி, குளிர்ந்த நீரில் ஸ்நானம் ஆகிய எவையும் ஈரலைத் துரிதப்படுத்தமாட்டா. இவற்றால் தூக்கம் தெளியலாம், இரத்தம் தெளியாது.

ஆகையால், குடித்த வேளையில் கடன் பத்திரம், ஜாமீன் பத்திரம், கிரயப் பத்திரம் எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தலாகாது. நிபந்தனைகளை அறியமாட்டாத அளவு வெறியிலிருப்பவர், அவ்வெறி நீடிக்கும் வரை ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதியற்றவர் என்று 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. ஆயினும் அதைப் பின்னர்க் கோர்ட்டில் ருசுப்படுத்துதல் எளிதன்று. அதற்குள் நிலம் கைமாறிவிடும். ஒருவர் வெறியில் இட்ட ஜாமீனால் துன்புறுவது அவர் குடும்பமே.

குடித்தவர் நினைவிழந்து கிடந்தால் அவரை மல்லாத்தாமல் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் வாந்தி மூச்சுக்குழலில் அடைத்து உயிர் போகும். கள்ளச் சாராயத்தில் மெத்தனால் என்னும் விஷம் கலந்திருப்பதுண்டு. அது தேகத்தில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும். பார்வை மங்கினாலும், மூச்சுத் தளர்ந்தாலும், போலீஸாருக்கு அஞ்சிக் காலதாமதம் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க.

எழுத்தறியாத அங்கத்தினர்களுக்குச் சங்கக் காரியதரிசிகள் இதனை வாசித்துக் காட்டுவார்களாக.